முன்கதவுச் சலவை இயந்திரம்: நம் நாட்டுக்கு ஏற்றதா?

சலவை இயந்திரம் வாங்கக் கடைக்குச் செல்லும் நம்மவர் அனைவரும் முதலில் ஒரு கேள்விக்கு விடை கூற வேண்டியவராகின்றனர். துணியை மேலிருந்து போடுவதா, முன்புறமிருந்து போடுவதா என்பதே அக்கேள்வி. விற்பனையாளர் பெரும்பாலும் முன்புறம் வட்டக் கண்ணாடிக் கதவு பொருத்திய இயந்திரத்தையே புகழ்வார். அதன் விலை கூடுதல் என்பதும் அப்புகழ்ச்சிக்கு ஒரு காரணம். வீட்டிலுள்ள தாய்மார்களோ, பழகிய மேல்மூடி இயந்திரமே போதும் என்பர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எவ்வளவு உண்மை, யாருக்கு உண்மை என்பதே நாம் ஆராய வேண்டியது. பல நூறு வெள்ளி கொடுத்து வாங்கும் பொருள் இது. பிடிக்கவில்லை என்று மறுமாதம் மாற்றிக்கொள்ளக் கூடியதும் அன்று.

இக்கேள்விக்கு ஐரோப்பியரும் அமெரிக்கரும் எழுதிய விடைகள் ஏராளம். அவற்றை அப்படியே ஏற்பதில்தான் இடர் இருக்கின்றது. முன்கதவு இயந்திரம் குளிர்நாட்டின் தேவைக்கேற்ப வளர்ந்த பொருள். அது வெப்பமும் ஈரமும் மிக்க நம் நாடுகளுக்கு வந்து சேரும்போது, அதன் சிறப்புகளுள் சில மறைந்துவிடுகின்றன; சில பெருகுகின்றன. குறைகளும் அவ்வாறே.

கல்லில் அடிப்பதும் குடத்தில் கலக்குவதும்

சிங்கப்பூரின் டோபி காட் என்னும் பெயர், முன்னாளில் அவ்விடத்து ஓடைநீரில் துணி வெளுத்த இந்தியச் சலவைத் தொழிலாளரை நினைவூட்டுவது. மலாய் மொழியிலும் டோபி என்ற சொல் நிலைத்துவிட்டது. அத்தொழிலாளர் செய்த வேலையை நோக்குவோம். துணியை நனைத்துச் சவர்க்காரமிட்டு, உயர்த்தி, கல்லின்மீது ஓங்கி அடித்தனர். அழுக்கு வெளியேறியது அந்த அடியினால். ஓடைநீர் அதனைக் கொண்டு சென்றது.

முன்கதவு இயந்திரம் ஏறக்குறைய இதனையே செய்கின்றது. அதனுள் படுக்கைவாட்டில் ஓர் உருளை சுழல்கின்றது. உருளையின் அடிப்பகுதியில் மட்டுமே சிறிதளவு நீர் நிற்கும். உட்சுவரில் உள்ள மேடுகள் துணியை மேலே தூக்கிச் செல்ல, உச்சியை நெருங்கியதும் துணி தன் எடையாலேயே கீழே விழுந்து மோதுகின்றது. துவைக்கும் வேலையில் பாதியைப் பூமியின் ஈர்ப்புச் சக்தி செய்துவிடுகின்றது எனலாம்.

இங்கே ஒரு சிறு கணக்கு சுவையானது. உருளையின் குறுக்களவு ஏறத்தாழ அரை மீட்டர். அது நிமிடத்துக்கு 60 சுற்றுக்கு மேல் சுழன்றால், மையத்தினின்று விலகும் விசை ஈர்ப்பு விசையை மிஞ்சிவிடும். துணி கீழே விழாமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஆகையால் துவைக்கும்போது உருளை 45, 50 சுற்று என்ற அளவில் மெதுவாகவே சுழல வேண்டும். “கண்ணாடி வழியே பார்த்தால் சோம்பேறித்தனமாகச் சுற்றுகிறதே” என்று சிலர் ஐயுறுவது இதனால்தான். அது சோம்பல் அன்று. அதற்கு மேல் விரைந்தால் துவைக்கவே முடியாது.

மேல்மூடி இயந்திரத்தின் வழி வேறு. அதில் தொட்டி குடம்போல் நிமிர்ந்து நிற்கும். துணி முழுவதும் நீரில் மூழ்க வேண்டும். அடியிலுள்ள தட்டு முன்னும் பின்னும் சுழன்று நீரைக் கலக்க, துணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து அழுக்கை விடுகின்றன. நீர் இல்லையேல் துணி அசையாது. நீர்ச்செலவு மிகுவதும், வேலை விரைவில் முடிவதும் ஆகிய இரண்டுக்கும் காரணம் இதுவே. ஐந்தரை மீட்டர் நீளமுள்ள பருத்திச் சேலையை இவ்வியந்திரத்தில் போட்டெடுத்த தாய்மார்கள், அது கயிறுபோல் முறுக்கிக்கொண்டு, மூன்று சட்டைகளையும் ஒரு வேட்டியையும் தன்னோடு கட்டியிழுத்து வெளிவந்ததைக் கண்டிருப்பர். முன்கதவு இயந்திரத்தில் முறுக்கு குறைவு. நூலின் தேய்மானமும் குறைவு. பட்டுச் சேலையை மட்டும் எந்த இயந்திரத்திலும் போடாதிருப்பதே நன்று.

பிறந்த கதை

தானாகவே நீர் நிரப்பி, துவைத்து, அலசி, பிழிந்து முடிக்கும் வீட்டு இயந்திரத்தை அமெரிக்காவில் 1937-ஆம் ஆண்டில் பெண்டிக்ஸ் நிறுவனம் காட்சிக்கு வைத்தது. அது முன்கதவு இயந்திரமே. உருளையைத் தாங்க வில்லமைப்பு இல்லாமையால் அதனைத் தரையோடு திருகாணியிட்டுப் பிணைக்க வேண்டியிருந்தது. 1947-இல் மேல்மூடித் தானியங்கி இயந்திரங்கள் சந்தைக்கு வந்தன. பெரிய வீடும் மலிவான நீரும் உடைய அமெரிக்கர் பெரும்பாலும் அவற்றின் பக்கம் சாய்ந்தனர். ஜப்பானியரோ 1953-இல் சான்யோ நிறுவனம் வெளியிட்ட சுழல்தட்டு வகையைப் பற்றிக்கொண்டனர். அது சிறியது, தண்ணீரைச் சூடாக்காமல் துவைப்பது. இன்று நம் வீடுகளிலுள்ள மேல்மூடி இயந்திரங்கள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

ஐரோப்பியர் முன்கதவை விடவில்லை. அவர்தம் சமையலறை சிறிது. மேசைப் பலகைக்குக் கீழே இயந்திரம் அடங்க வேண்டும். அதனினும் முக்கியமானது வெந்நீர். படுக்கை விரிப்பையும் உள்ளாடையையும் கொதிக்கும் அளவு சூட்டில் வெளுப்பது அவர்கள் வழக்கம். குழாயில் 10 டிகிரி குளிருடன் வரும் நீரை 60 டிகிரிக்கு ஏற்ற வேண்டுமாயின், ஒவ்வொரு லிட்டரும் பணமாகின்றது. முன்கதவு இயந்திரத்தில் சூடாக்க வேண்டியது 15 லிட்டர் எனக் கொண்டால் செலவாகும் மின்சாரம் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. மேல்மூடித் தொட்டியில் 50 லிட்டரைச் சூடாக்கினால் ஏறத்தாழ மூன்று யூனிட் ஆகும். குளிர்நாட்டார் முன்கதவைப் புகழ்வதன் இரகசியம் இதில் அடங்கியுள்ளது.

நம் குழாயில் நீர் 28 டிகிரி அளவில் வருகின்றது. மேல்மூடி இயந்திரத்தில் நாம் அதனைச் சூடாக்குவதே இல்லை. எனவே ஐரோப்பியர் கூறும் மின்சாரச் சிக்கனம் நமக்கு அப்படியே கிடைப்பதன்று. இதில் ஒரு பொறியும் உண்டு. முன்கதவு இயந்திரத்தில் பொத்தானை அழுத்தியவுடன் வரும் வழக்கமான சலவை பலவற்றில் 40 டிகிரியாக அமைக்கப்பட்டிருக்கும். அதனைக் கவனியாது விட்டால், முன்பு செலவாகாத மின்சாரம் ஒவ்வொரு சலவைக்கும் செலவாகும். 15 லிட்டருக்கு அது யூனிட்டில் ஐந்திலொரு பங்கு. 60 டிகிரி என்றால் பாதிக்குச் சற்று மேல். பெருந்தொகை அன்று, ஆயினும் “மின்சாரம் மிச்சம்” என்று சொல்லி விற்கப்படும் பொருள் மின்சாரத்தைக் கூட்டுவது விந்தையன்றோ! அன்றாட ஆடைக்குக் குளிர்நீர்ச் சலவையைத் தெரிந்தெடுத்தால் இக்குறை நீங்கும்.

ஆனால் வெந்நீரே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. நம் மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குப் புலப்படாத தூசிப் பூச்சிகள் வாழ்கின்றன. ஈரக்காற்று அவற்றுக்கு உவப்பானது. ஆஸ்துமாவும் ஓயாத தும்மலும் உள்ள பிள்ளைகளுக்கு அவற்றின் கழிவே பகை. குளிர்நீர் அவற்றைக் கொல்லாது. 55 டிகிரிக்கு மேற்பட்ட சூடு கொல்லும். அத்தகைய பிள்ளை உள்ள வீட்டில், வாரம் ஒருமுறை படுக்கை விரிப்புகளை 60 டிகிரியில் துவைக்கும் வசதி ஒன்றிற்காகவே முன்கதவு இயந்திரத்தை வாங்கலாம். நமது கடைகளில் விற்கப்படும் மேல்மூடி இயந்திரங்களுள் பெரும்பாலானவற்றில் நீரைச் சூடாக்கும் கருவி கிடையாது.

தண்ணீர்க் கணக்கு

மின்சாரத்தில் மங்கிய புகழ் தண்ணீரில் ஓங்கி நிற்கின்றது. நடுத்தர அளவுள்ள முன்கதவு இயந்திரம் ஒரு சலவைக்கு 50, 60 லிட்டர் கொள்ளும். அதே அளவு துணிக்கு மேல்மூடி இயந்திரம் 110, 120 லிட்டர் கொள்ளும். மாதிரிக்கு மாதிரி வேறுபடினும் பாதிக்குப் பாதி என்பது பொதுவாகப் பொருந்தும்.

சிங்கப்பூரில் இது சிறு செய்தியன்று. ஜோகூர் ஆற்றிலிருந்து நீர் பெறுவதற்கு 1962-இல் செய்துகொண்ட உடன்படிக்கை 2061-இல் முடிவுறும். கழிவுநீரைத் தூய்மையாக்கியும், கடல்நீரின் உப்பை நீக்கியும் நீர் தேடும் நாடு அது. சலவை இயந்திரங்கள் எவ்வளவு நீர் குடிக்கின்றன என்பதைக் காட்டும் சிக்கன முத்திரை 2011-ஆம் ஆண்டு முதல் அங்குக் கட்டாயமாக்கப்பட்டது. நீர்க் கட்டணமும் 2024, 2025 ஆகிய ஈராண்டுகளிலும் ஏப்ரல் மாதத்தில் உயர்ந்தது. மாதம் 40 கன மீட்டருக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு, 2025 ஏப்ரல் முதல், வரி நீங்கலாகக் கன மீட்டருக்கு 3 வெள்ளி 24 காசு. கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர்.

வாரம் ஐந்து முறை துவைக்கும் குடும்பம் ஒவ்வொரு முறையும் 60 லிட்டர் மிச்சம் பிடித்தால், ஆண்டுக்கு 15,600 லிட்டர்; அதாவது ஏறத்தாழ 50 வெள்ளி. இரு வகைக்கும் விலை வேறுபாடு 300 வெள்ளியாயின் ஆறு ஆண்டுகளில் அது ஈடாகிவிடும். வாரம் இருமுறை மட்டும் துவைக்கும் இருவர் குடும்பத்துக்கோ பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் இயந்திரமே ஓய்ந்துவிடக்கூடும். விற்பனையாளர் இந்த இரண்டாவது கணக்கைச் சொல்வது அரிது.

மலேசியாவில் நீர்க் கட்டணம் சிங்கப்பூரினும் மிகக் குறைவு. ஆதலின் பண மிச்சமும் குறைவே. ஆயின் அங்கு வேறொரு தொல்லை உண்டு. 2020 செப்டம்பரில் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்தபோது, சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரங்களில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நீர்க் கணக்குகளுக்குக் குழாய் வறண்டது. இத்தகைய நாட்களில் மேல்மூடி இயந்திரம் தன் எளிமையைக் காட்டுகின்றது. மூடியைத் திறந்து, சேமித்த நீரை வாளி வாளியாக ஊற்றித் துவைத்துவிடலாம். முன்கதவு இயந்திரத்தில் அங்ஙனம் ஊற்ற வழியில்லை. குழாயில் போதிய அழுத்தமின்றி நீர் வந்தால் அது வேலையைத் தொடங்காமலே பிழை விளக்கைக் காட்டி நின்றுவிடும். அடிக்கடி நீர் தடைப்படும் ஊரில் குடியிருப்போர் இதனைச் சிறு காரியமாக எண்ணலாகாது.

பிழிவின் வலிமை

நம் நாட்டில் முன்கதவுக்கு உள்ள மெய்யான சிறப்பு, என் மதிப்பில், தண்ணீரினும் பிழிவிலேதான் உள்ளது. துவைத்து முடித்தபின் உருளை நிமிடத்துக்கு 1,200 சுற்று வரை விரைகின்றது. அப்போது துணியின்மீது செல்லும் விசை அதன் எடையைப்போல் 400 மடங்கு! மேல்மூடி இயந்திரங்கள் பொதுவாக 700 சுற்று அளவில் நின்றுவிடுகின்றன. சுற்று இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பது விதி. ஆதலால் இவ்வேறுபாடு தோன்றுவதினும் பெரிது. ஏழு கிலோ பருத்தித் துணியை வேகமாகப் பிழிந்தால் அதில் நான்கு லிட்டருக்கும் குறைவான நீரே தங்கும். மெதுவாகப் பிழிந்தால் ஐந்து லிட்டர் தங்கும்.

ஒரு லிட்டருக்கு மேற்பட்ட அந்த நீரை இனி வெயில்தான் வாங்க வேண்டும். ஆண்டிறுதிப் பருவமழையில் வெயில் எங்கே? அடுக்குமாடி வீட்டில் மூங்கில் கழியில் ஆடை உலர்த்துவோர்க்கு இதன் அருமை தெரியும். மழை முகங்கண்டு கழியை உள்ளே இழுப்பதும், மீண்டும் நீட்டுவதும், மறுநாளும் உலராத சட்டையில் புளித்த வாடை எழுவதும் நாம் அறியாதவை அல்ல. மேல்மாடித் துணியிலிருந்து சொட்டிய நீர் கீழ்மாடியில் உலர்ந்த துணியை நனைத்து, அதனால் இரு குடும்பங்கள் முகம் பாராதிருப்பதும் உண்டு. நன்கு பிழிந்த துணி சொட்டுவதில்லை. மின்னுலர்த்தி வைத்திருப்போர்க்கும் மின்செலவு குறையும்.

மஞ்சள் கறைக்கு மட்டும் எவ்வகைப் பிழிவும் உதவாது. அதன் நிறம் வெயிலில் வெளிறுவது. துவைத்தபின் வெயிலில் இடுவதே அதற்கு வழி. கறி சமைக்கும் நம் வீடுகளுக்காக இதனை இடையில் சொல்லி வைத்தேன்.

இந்த வலிமைக்கு ஒரு விலையும் உண்டு. ஈரத் துண்டு ஒன்று, 300 கிராம் எடையுள்ளது, உருளையின் ஒருபுறம் ஒதுங்கிவிட்டதாகக் கொள்வோம். 1,200 சுற்றில் அது 120 கிலோ எடைக்குச் சமமான விசையோடு, வினாடிக்கு இருபது முறை திசைமாறி இயந்திரத்தை இழுக்கும். அதனை அடக்குவதற்காகவே இயந்திரத்தினுள் கனத்த காங்கிரீட் கட்டியைப் பொருத்துகின்றனர். மொத்த எடை 60, 70 கிலோ ஆகிவிடுகின்றது. மின்தூக்கி இல்லாத மாடிக்கு ஏற்றுவோர் பாடு பெரும்பாடு. ஒரே ஒரு கனத்த போர்வையைத் தனியாகப் போட்டால் எடை சமனாகாமல், இயந்திரம் பிழிய மறுத்துச் சுற்றிச் சுற்றி முயல்வதும் இதனால்தான். கூடவே இரண்டு துண்டுகளைப் போட்டால் சரியாகும்.

இரப்பர் வளையமும் பூஞ்சணமும்

இனிக் குறைகளுள் தலையாயதற்கு வருவோம். முன்புறக் கதவு வழியே நீர் ஒழுகாதிருக்கக் கதவைச் சுற்றித் தடித்த இரப்பர் வளையம் ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. அதன் மடிப்பில் நீரும், நூல் தும்பும், சலவைத்தூள் கசடும் தங்கும். கதவை மூடிவிட்டால் காற்றுப் புகாது. வெப்பமும் ஈரமும் உணவும் ஒருங்கே அமைந்த அவ்விடத்தில் கரும்பூஞ்சணம் வளர்வதில் வியப்பில்லை. துவைத்த துணியே நாறத் தொடங்கும். அமெரிக்காவில் இக்குறை நீதிமன்றம் வரை சென்றது. 2014-இல் ஓஹையோவில் நடந்த ஒரு வழக்கில் ஜூரிகள் உற்பத்தியாளர் பக்கமே தீர்ப்பளித்தனர். எனினும் நாற்றம் என்பது கற்பனையன்று என்பதைப் பயன்படுத்துவோர் அறிவர். நமது காற்றின் ஈரத்தில் அது இன்னும் விரைந்து வரும்.

இதற்கு மருந்து கடையில் இல்லை, பழக்கத்தில் இருக்கின்றது. சலவை முடிந்ததும் வளையத்தின் மடிப்பைத் துணியால் துடைக்க வேண்டும். கதவையும் தூள் இடும் இழுப்பறையையும் திறந்தே வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை துணியில்லாமல் மிகுந்த சூட்டில் ஓட்ட வேண்டும். கதவைத் திறந்து வைக்கும் வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் கவனம் தேவை. அக்கதவு அவர்கள் உயரத்தில் இருக்கின்றது; உள்ளே புகுந்து விளையாட அழைக்கின்றது. சமையலறைக்குப் பிள்ளை செல்லாதபடி தடுப்பு அமைக்க இயலாதோர், ஓரங்குலத் திறப்பாவது விட்டு, கதவு விரிந்து திறக்காதபடி கட்டி வைப்பது நலம்.

சலவைத்தூளிலும் பழைய கையளவு கூடாது. துணி விழுந்து மோதுவதால்தான் அழுக்குப் போகின்றது என்று கண்டோம். நுரை பொங்கினால் அது மெத்தைபோல் நின்று மோதலைத் தடுத்துவிடும். மிஞ்சிய தூள் குறைந்த நீரில் அலசப்படாமல் துணியிலேயே தங்கித் தோலை அரிக்கும். நுரை குறைந்த தூளை, அதுவும் சிறிதளவே, இட வேண்டும். கைக்குழந்தையின் துணிக்கு ஓர் அலசல் கூட்டுவது நல்லது. நீர் மிச்சம் சற்றுக் குறையட்டுமே!

மற்றொரு குறை நேரம். மேல்மூடி இயந்திரம் முக்கால் மணி, ஒரு மணியில் முடிப்பதை இது ஒன்றரை மணி முதல் மூன்று மணி வரை செய்யும். விடுபட்ட காலுறை ஒன்றை நடுவில் போட, பல மாதிரிகளில் வழியில்லை. குனிந்து போட்டுக் குனிந்தே எடுக்க வேண்டும். முழங்காலும் முதுகும் நோவும் மூத்தோர்க்கு இது அன்றாடத் துன்பம். ஒரு முழம் உயர்ந்த உறுதியான மேடை அமைத்தால் தீரும்; உறுதியற்ற பலகையின்மேல் வைத்தாலோ அதிர்வில் இறங்கி நடக்கத் தொடங்கிவிடும். பழுது பார்க்கும் செலவும் மிகுதி. உருளையைத் தாங்கும் உருள்தாங்கி தேய்ந்தால், தொட்டி பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டுள்ள மாதிரிகளில் தொட்டியையே மாற்றச் சொல்வர். வாங்குமுன் இதனை மட்டுமாவது கேட்டறிந்து கொள்வது தக்கது.

ஆகவே பிள்ளைகள் நிறைந்து நாள்தோறும் துவைக்கும் சிங்கப்பூர் அடுக்குமாடிக் குடும்பத்துக்கு முன்கதவே ஏற்றது என்று துணிந்து கூறலாம். பின்புறத்தில் வெயில் தாராளமாக விழும் மலேசியத் தாமான் வீட்டில், மூத்த அம்மா ஒருவரே சலவையைக் கவனிக்கின்றார், குழாயும் அடிக்கடி வறள்கின்றது எனில், மேல்மூடியை விடுவதற்கு யான் காரணம் காணேன். அங்குக் கம்பளிப் போர்வையும் விரிப்பும் வெந்நீரில் துவைக்க வேண்டிய நாளில், கடைத்தெருவில் நாணயமிட்டுத் துவைக்கும் டோபிக் கடை இருக்கின்றது. அங்குள்ளவை பெரும்பாலும் முன்கதவு இயந்திரங்களே.

முன்கதவையே தெரிந்தெடுத்தோர்க்கு ஒரு சொல். இயந்திரம் வீடு வந்ததும் அதன் பின்புறத்தைப் பாருங்கள். வழியில் உருளை குலுங்காதிருக்க நீண்ட திருகாணிகள் மூன்றோ நான்கோ பூட்டப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் முதல் பிழிவிலேயே வீடு அதிரும், இயந்திரமும் கெடும். கழற்றிய திருகாணிகளை எறிந்துவிடாமல் ஓர் உறையிலிட்டு வையுங்கள். வீடு மாறும் நாளில் அவை மீண்டும் வேண்டும்.